மழைக்காலத்தில் ஆறாத நெப்பிப் புண்

(நோர்வூட் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)

கூடையை இறக்கி வைத்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில், "அடுத்த தடவை எதைப் பத்திப் பேசணும்?" என்று கேட்டோம். பின்னால் இருந்த ஒரு தங்கச்சி மெல்லிய குரலில், "புள்ளைக்கு நெப்பி கட்டுற எடத்துல புண்ணு ஐயா, ஆறவே மாட்டேங்குது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து விசாரித்தால், சிரித்தவர்களில் மூன்று பேர் வீட்டிலும் அதே கதைதான். "வெல்பெயார் ஐயாவுக்கு நெப்பியில என்ன வேலை?" என்று இப்போதும் யாரோ காதோடு காதாகச் சொல்வது எங்களுக்குக் கேட்கிறது. எங்கள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். நெப்பி அலசிய கைதான் இது. அதில் நாங்கள் செய்த ஒரு பெரிய பிழையையும் இன்றைக்கு மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

முதலில் இந்தப் புண் ஏன் வருகிறது என்று பார்ப்போம். லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சூடு". தாய் சூடான சாமான் சாப்பிட்டாள், அது பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் புண்ணாக வந்துவிட்டது. உடனே தாய்க்குக் கருவாடு இல்லை, முட்டை இல்லை, அன்னாசி இல்லை. ஏற்கெனவே இரத்தம் குறைவான பிள்ளைத்தாய்ச்சி வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுகிறாள். பிள்ளையின் புண் மட்டும் அப்படியே இருக்கிறது.

புண்ணுக்குக் காரணம் தாயின் சோற்றுக் கோப்பையில் இல்லை, நெப்பிக்குள்ளே இருக்கிறது. பச்சைப்பிள்ளையின் தோல் மெல்லியது. மலமும் மூத்திரமும் ஒன்றாகக் கலந்து, ஈரத்தோடு மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் அந்தத் தோல் ஊறிப் போகும். காலையில் நெப்பியை அவிழ்த்ததும் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வருமே, அது அமோனியா. மலத்திலுள்ள ஒருவகைக் கிருமி மூத்திரத்தை உடைப்பதால்தான் அது உண்டாகிறது என்று 1921இல் அமெரிக்காவில் குக் என்ற வைத்தியர் கண்டு சொன்னார். அதன் பிறகு நீண்டகாலம் அந்த நெடிதான் தோலைச் சுடுகிறது என்று நினைத்தார்கள். மீதிக் கதை 1980களில் நடந்த ஆய்வுகளில்தான் தெரிய வந்தது. நல்ல தோலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு. அமோனியா அதைக் கெடுக்கிறது. அது கெட்டவுடன், வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்க வைத்து மலத்தோடு வெளியே வரும் நொதியங்களுக்கு வேகம் வந்துவிடுகிறது. அவை பிள்ளையின் தோலையே செரிக்கத் தொடங்குகின்றன. இதுதான் நீங்கள் சொல்லும் சூடு.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் இந்த வேகம் குறைவு. போத்தல் பால் குடிக்கும் பிள்ளைக்குப் புண் கூடுதலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே புண் வந்துவிட்டது என்று தாய்ப்பாலை நிறுத்துவது, எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போலத்தான்.

2022ஆம் ஆண்டு ஆடி மாத மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அந்த நேரத்தில் எங்கள் பகுதித் தோட்டமொன்றில் ஐந்து மாதப் பெண் பிள்ளை ஒன்று. பெயர் வேண்டாம். தாய் பிரசவ லீவு முடிந்து வேலைக்கு வந்துவிட்டார். பகலில் பிள்ளை அப்பாயியோடு. மழையில் நெப்பி காயவில்லை என்று பம்பஸ் கட்டத் தொடங்கினார்கள். பம்பஸ் விலை ஏறிய ஏற்றத்தில் ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு வைத்தார்கள். சாயந்தரம் ஆறு மணிக்குக் கட்டினால் விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன்தான் அவிழ்ப்பது. மூத்திரம் மட்டும் போயிருந்தால் அடுப்போரம் காயவைத்து மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அந்தத் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அரிசி வாங்குவதா பம்பஸ் வாங்குவதா என்ற நிலைமை. அதைப் பற்றிக் குறை சொல்ல நாங்கள் யார்?

நடுவில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல். டவுனில் காட்டி அன்டிபயோட்டிக் பாணி கொடுத்தார்கள். சளி நின்றது, வயிற்றோட்டம் பிடித்தது. அதோடு பின்புறம் சிவந்துபோனது. அப்பாயி பழைய கைப்பக்குவக்காரி. முதலில் மஞ்சள் போட்டார். பிறகு கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், நெஞ்சில் சளிக்குத் தடவுவார்களே, அதே போத்தல். பிறகு மேலே பவுடர். எண்ணெய்க்கு மேல் பவுடர் போட்டால் என்ன ஆகும்? ரொட்டிக்கு மாவு பிசைந்த மாதிரி ஆகும். பிள்ளை கால் அசைக்கும்போதெல்லாம் அந்த மாவு தொடை இடுக்கில் உராய்ந்து தோலை உரித்தது. பத்தொன்பது நாள். பிள்ளை மூத்திரம் போகும்போதெல்லாம் வீறிட்டுக் கத்தும். பக்கத்து லயத்துக்காரர்கள், "யாராச்சும் புள்ளையக் கிள்ளுறாங்களா?" என்று கேட்டார்களாம். கடைசியில் பால் குடிப்பதையும் குறைத்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்குச் செய்தி வந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அப்பாயி ஒரு வார்த்தை சொன்னார்: "நான் ஏழு புள்ள வளத்தவ ஐயா, இந்தப் புண்ணு மட்டும் என் கைக்கு அடங்கல." அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. அவர் கைக்கு அடங்காததற்குக் காரணம், அது வெறும் நெப்பிப் புண்ணாக இல்லாமல் போய்விட்டது. தோட்ட வைத்திய உத்தியோகத்தர் ஐயா பிள்ளையை வெளிச்சத்தில் படுக்கவைத்து, தொடை இடுக்கை விரித்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளை. துடைத்தால் போகவில்லை. "இது பங்கஸ்" என்றார். காளான், பூஞ்சணம் என்று சொல்கிறோமே, அந்த இனம்.

இந்தப் பங்கஸ் வெளியிலிருந்து வந்த பேய் இல்லை. நம் எல்லோர் குடலிலும் கொஞ்சம் இருக்கும். நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்கும். அன்டிபயோட்டிக் மருந்து கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்வதால் அதற்குக் கொண்டாட்டமாகிவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் ஊறிப்போன தோலும் கிடைத்தால் குடியேறிவிடும். மழைக்காலத்தில் செருப்பு முளைவிடுகிற நம்ம ஊரில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

சாதாரணப் புண்ணா, பங்கஸா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இதை மட்டும் இன்றைக்குக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனால் போதும். சாதாரண நெப்பிப் புண், நெப்பி உராயும் மேடான இடங்களில் சிவக்கும்: பின்புறச் சதை, தொடையின் மேல்பக்கம், அடிவயிறு. துணி படாத இடுக்கு மடிப்பு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பங்கஸ் அதற்கு நேர்மாறு. அது மடிப்புக்குள்ளேதான் புகுந்திருக்கும். நல்ல இறைச்சிச் சிவப்பு நிறம், ஓரம் தெளிவாகத் தெரியும். பெரிய திட்டைச் சுற்றி, தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் மாதிரி, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் சிதறி இருக்கும். அந்தக் குஞ்சுகளைக் கண்டால் வீட்டு வைத்தியம் போதாது. தேங்காய் எண்ணெயை ஒரு போத்தல் ஊற்றினாலும் அது போகாது, பங்கஸுக்கு உரிய கிறீம்தான் பூச வேண்டும். மூன்று நாள் ஒழுங்காகக் காய வைத்துப் பார்த்தும் குறையாத புண்ணையும் அதே கணக்கில் சேர்த்து, நாலாம் நாள் டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ கொண்டு போய்விடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வைத்திய உத்தியோகத்தர் ஐயா பங்கஸ் கிறீமும், வாய்க்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். தாயின் முலைக்காம்பிலும் எரிச்சல் இருந்தது, அதற்கும் சேர்த்து மருந்து. ஏனென்றால் பிள்ளை வாயிலிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் மாறி மாறித் தொற்றும். நாலு நாளில் சிவப்பு இறங்கியது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "ஆறிருச்சுன்னு நிப்பாட்டிறாதீங்க, சொன்ன நாள் வரைக்கும் பூசுங்க" என்பதுதான். பழைய ஆட்களுக்கு ஒரு ஊதா மருந்து ஞாபகம் இருக்கும், வாய்ப்புண்ணுக்கெல்லாம் டிஸ்பென்சரியில் பூசுவார்கள், ஒரு வாரத்துக்கு வாய் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். அதை எங்காவது வைத்திருந்தால் பிள்ளைக்குப் போடாதீர்கள். அதனால் புற்றுநோய் வரக்கூடும் என்று 2019இல் கனடா அரசாங்கமே எச்சரித்திருக்கிறது. இப்போது அதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதத்தில் இதே புண் வந்தது. டவுனில் ஒரு பாமசியில் போய், "சொறிக்கு நல்ல கிறீம் ஒன்னு தாங்க" என்று கேட்டு ஒரு டியூப் வாங்கினோம். எந்தப் பாமசி என்பது தேவையில்லை, கேட்டவர்கள் நாங்கள்தான். பூசிய இரண்டாம் நாளே சிவப்பு மாயமாகிவிட்டது. வீட்டில் எங்களுக்கு ஏக மரியாதை. ஒரு வாரம் கழித்து முன்னை விட மோசமாக வந்தது. மறுபடி பூசினோம், மறுபடி போனது, மறுபடி வந்தது. இப்படியே ஒன்றரை மாதம். கடைசியில் பிள்ளை வைத்தியர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் பலமான ஸ்டெரொய்ட் கலந்திருக்கிறது என்றார். அது சிவப்பை மட்டும் அடக்கும், அடியில் பங்கஸ் தங்குதடை இல்லாமல் வளரும். அதோடு நெப்பிக்குள் மூடிக் கட்டும்போது மருந்து இரட்டிப்பாக உடம்பில் இறங்கும், தோல் சிகரெட் கடதாசி மாதிரி மெலிந்துவிடும் என்றும் சொன்னார். எங்கள் பிள்ளையின் தொடையில் இரண்டு வெளிறிய கோடுகள் வெகுநாள் இருந்தன. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத எங்களுக்கு அன்றைக்கு அது தெரியாது. இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். டியூப் கிறீம் எதுவானாலும், மச்சானுடைய படைக்கு நல்லாக் கேட்டது, பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று பிள்ளைக்குப் பூசாதீர்கள்.

அப்படியானால் வீட்டு வைத்தியமே கூடாதா என்று அம்மாயிமார் முகத்தைச் சுளிக்கிறீர்கள். கூடும். முதல் நாள் சிவப்புக்கு வீட்டு வைத்தியம்தான் முதல் வைத்தியம். அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

முதல் மருந்து காற்று. அதற்குக் காசு இல்லை. பிள்ளையை ஒரு மடித்த துணி மேல் போட்டு, அடியில் ஒன்றும் கட்டாமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், நாளைக்கு மூன்று நாலு தடவை. துணியை நனைத்தால் நனைக்கட்டும். குளிர் நாளில் மேலுக்குச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டு, அடுப்பு இருக்கும் காம்பராவில், புகை இல்லாத பக்கமாக வைத்துக்கொள்ளலாம். துணிக்கு அடியில் நனையாமல் இருக்க உரச்சாக்கைக் கழுவி விரிப்பவர்கள் இருக்கிறீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது உரச்சாக்குத்தான், வேண்டாம். மருந்தடிக்கும் மலையிலிருந்து வருகிறவர்கள் படங்கைக் கழற்றி வெளியே வைத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகு பிள்ளையைத் தொடுங்கள்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய்விடும். வாசனை போட்ட ஈரத்தாள் புண் உள்ள நேரத்தில் எரியும். பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். துடைப்பது என்றால் தேய்ப்பது இல்லை, ஒற்றி எடுப்பது.

பிறகு ஒரு தடுப்பு. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், கற்பூரம் போடாத, சுத்தமான எண்ணெய். ஈரம் தோலில் நேரே படாமல் ஓரளவு மறிக்கும். ஆனால் தலைக்கு வைக்கிற போத்தலில் கையை விட்டு எடுக்காதீர்கள், பிள்ளைக்கென்று சின்னப் போத்தலில் தனியாக வையுங்கள். பழைய அப்பாயிமார் விளக்கெண்ணெய் தடவுவார்கள். அதைக் கேட்டு இளசுகள் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளிலேயே நெப்பிப் புண்ணுக்குக் காலங்காலமாகக் கொடுத்து வந்த கிறீம், துத்தநாகப் பொடியும் விளக்கெண்ணெயும் சேர்த்துச் செய்ததுதான். துத்தநாகம் என்றால் நீங்கள் சொல்லும் சிங்க். ஆக அப்பாயிக்குப் பாதி மருந்து கைவசம் இருந்திருக்கிறது! சிங்க் கிறீம் டிஸ்பென்சரியில் கேட்டுப் பாருங்கள். ரொட்டிக்கு மாஜரின் பூசுவது போல மெல்லியதாக இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல வெள்ளையாகத் தெரியும்படி பூச வேண்டும். அடுத்த நெப்பி மாற்றும்போது அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு மேலே மறுபடி பூசினால் போதும், சுரண்டி எடுக்க வேண்டாம். சிங்க் கிடைக்காத நாளில் வெஸ்லினும் உதவும்.

தாய்ப்பாலைத் தடவுவது பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஈரானில் செய்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லேசான நெப்பிப் புண்ணுக்குத் தாய்ப்பால், மென்மையான ஸ்டெரொய்ட் கிறீம் அளவுக்கே குணம் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு சொட்டுத் தடவிக் காயவிடலாம். ஆனால் பங்கஸ் புண்ணுக்கு அல்ல.

நம்ம தேயிலையையும் விடக்கூடாது அல்லவா. கடுஞ்சாயத்தை ஆறவைத்து, துணியை நனைத்து நீர் கசியும் தோலில் ஒற்றுவது ஜேர்மனி நாட்டுத் தோல் வைத்தியர்களிடமும் உள்ள பழக்கம். சாயத்தின் துவர்ப்புத் தோலை இறுக்கிக் கசிவைக் குறைக்கும். பெரிய ஆட்களின் புண்ணுக்கு நாங்களும் பார்த்திருக்கிறோம். பிள்ளைக்கு அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். செய்தால், சீனி போடாத, நன்றாக ஆறிய சாயமாக இருக்கட்டும், பிறகு தோலைக் காயவிட்டுவிடுங்கள்.

மஞ்சளை ஏன் வேண்டாம் என்கிறோம்? ஒன்று, கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறியபோது என்னவெல்லாம் கலந்து விற்றார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு வந்தால் புண் சிவப்பா, கறுப்பா என்று வைத்தியருக்குத் தெரியாது. சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் இரண்டும் ஈரம் பட்டால் தோலை அரிக்கும், கிட்டே கொண்டு போகாதீர்கள்.

கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கற்பூர எண்ணெய், தலைவலித் தைலம் இவற்றை உரிந்த தோலில் பூசினால் உடம்புக்குள் இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பூரம் வலிப்பையே வரவழைக்கக் கூடியது. துணிமணிக்குப் பூச்சி வராமல் பெட்டியில் போடும் வெள்ளை நப்தலீன் உருண்டையும் அப்படித்தான். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த துணியை அப்படியே கட்டியதால் இரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை வந்த பச்சைப்பிள்ளைகள் உண்டு.

"வெளியில பூசுறது உள்ளுக்கு எப்படிப் போகும் ஐயா?" என்று கேட்பீர்கள். 1972இல் பிரான்ஸ் நாட்டில் பிள்ளைகளுக்கு நெப்பிப் புண் வராமல் போடும் ஒரு டெல்கம் பவுடரில், தயாரிக்கும் இடத்தில் நடந்த தவறால் கிருமிகொல்லி மருந்தொன்று அளவுக்கு மிஞ்சிக் கலந்துவிட்டது. அதை நம்பித் தாய்மார் போட்டார்கள். முதலில் புண் கூடியது, கூடியதால் இன்னும் பவுடர் போட்டார்கள். பிறகு வலிப்பு, மயக்கம். 36 குழந்தைகள் செத்துப் போனார்கள். அவ்வளவும் தோல் வழியாகத்தான் போனது. இன்றைய பவுடரில் அந்த மருந்து இல்லை. ஆனாலும் பவுடர் தூசி பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும், ஈரத்தில் கட்டியாகி உராயும். புண்ணுக்குப் பவுடர் வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வது அதனால்தான்.

இப்போது மழையும் நெப்பியும். இதுதான் நம் பகுதியின் உண்மையான பிரச்சினை என்று நாங்கள் நினைக்கிறோம். கொழும்பில் உள்ளவர்கள் புத்தகத்தில் எழுதுவார்கள், "நெப்பியை நல்ல வெயிலில் உலர்த்தவும்" என்று. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் எங்கே வெயில்? கெசல்கமு ஓயாவில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெயிலை எங்கே தேடுவது?

பழைய பருத்திச் சேலை, வெள்ளை வேட்டி, வெளுத்த சாரம் எதுவாக இருந்தாலும் கிழித்து, பிள்ளைக்குப் பன்னிரண்டு துண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். நைலெக்ஸ் துணி உறிஞ்சாது. மலம் பட்ட துணியை முதலில் தனியாகக் கழுவி, பிறகு சவர்க்காரம் போட்டு, பீலித் தண்ணீரில் குறைந்தது மூன்று தடவை அலச வேண்டும். துணியில் தங்கும் சவர்க்காரமும் புண்ணுக்கு ஒரு காரணம். கடைசித் தண்ணீரில் நுரை இருக்கக் கூடாது, துணி வழுவழுப்பாக இருக்கக் கூடாது. வாசனைத் திரவம் போட்டு முக்கி எடுக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது, பெரியவர்கள் துணியோடு அதை வைத்துக்கொள்ளுங்கள். பங்கஸ் வந்த வீட்டில் நெப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும்.

அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போடுகிறோம். பச்சை விறகுப் புகை துணியில் ஏறும், பிள்ளைக்குச் சளியும் வரும். விறகு எரிந்து தணலாக அடங்கிய பிறகு போட்டால் சூடு இருக்கும், புகை இருக்காது. முக்கால்வாசி காய்ந்ததும் ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்துவிடுங்கள். மிச்ச ஈரமும் போகும், கிருமியும் குறையும். தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கிற நெப்பி இன்னும் காயவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் கையை விட நன்றாகத் தெரியும்.

பம்பஸ் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நேரத்துக்கு மாற்றினால் துணியை விடப் புண் குறைவாகக்கூட இருக்கலாம். நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் கஷ்டம். கையில் இரண்டு பம்பஸுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் இரவுக்கும் வையுங்கள், பகலில் துணி. மலம் போனால் உடனே மாற்ற வேண்டும், தூக்கத்திலும்தான். மற்றபடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் நல்லது. புண் இருக்கிற நாட்களில் இரவில் ஒரு தடவை எழும்பி மாற்றுங்கள். அண்ணன்மார், கேட்கிறதா? தாய் விடிகாலை எழும்பிச் சோறு ஆக்கி, பெரட்டுக்குப் போக வேண்டியவள். நடுச்சாமத்து நெப்பி உங்களுடையதாக இருக்கட்டும்.

பகலுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலர் அதைப் பாவிப்பதில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கும் இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் தடவைக்கு 30 நிமிடம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளை என்று பாராமல் 84 நாள் பிரசவ லீவும் உண்டு. பால் கொடுக்க வரும் அந்த இரண்டு தடவையும் நெப்பியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போங்கள். "கொழுந்து நிறை குறைஞ்சிரும் ஐயா" என்பீர்கள். அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அந்த இடைவேளையைத் தர மறுத்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், பேசுவது எங்கள் வேலை.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது? புண்ணில் சீழ் வைத்தாலோ, கொப்புளம் வந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கொப்புளம் என்றால் இரவானாலும் போங்கள். டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி அதைத் திறந்துவைத்துவிட்டுத்தானே நம்ம நோர்வூட் மைதானத்துக்கு வந்து பேசினார். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. பின்புறத்தோடு வாயைச் சுற்றியும் புண், ஓயாத வயிற்றோட்டம், நிறையும் கூடவில்லை என்றால் அது உடம்பில் சிங்க் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது நிறை எழுதும் பிள்ளைப் புத்தகத்தை மறக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் இரவில் சொறி என்றால் அது நெப்பிப் புண்ணே இல்லை, வீடு முழுக்க ஒரே நாளில் மருந்து போட வேண்டிய சிரங்கு. அதைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம், இன்றைக்கு ஆரம்பித்தால் இருட்டிவிடும்.

2022இல் நாங்கள் பார்த்த அந்தப் பிள்ளை இப்போது முன்பள்ளிக்குப் போகிறது. அப்பாயி இதோ இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டோம். "சொல்லுங்க ஐயா, கற்பூர எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.

சரி, பேச்சுப் போதும். பிள்ளைக் காம்பரா அக்கா இரண்டு வாளித் தண்ணீரும் நாலு நெப்பியும் வைத்திருக்கிறார். சவர்க்காரம் போன பிறகு தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று அலசிக் காட்டுவார். ஆண்கள் இரண்டு பேர் முன்னுக்கு வாருங்கள், இன்றைக்கு நீங்கள்தான் அலசப் போகிறீர்கள். பிள்ளைக்குப் புண் இருக்கிறவர்கள் வெட்கப்படாமல் அந்தப் பக்கக் காம்பராவுக்குப் போங்கள், குடும்பநல மிஸ் பார்ப்பார்.